புக் முதலில், ஸ்பேனர் அப்புறம்: பழைய பைக் வாங்குவோர் சறுக்கும் இடங்கள்

சேலத்தில் பழைய வண்டிப் பித்து பிடித்த பையன்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஞாயிறு காலையில் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்றால் போதும், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100, கேஸ்ட் அயர்ன் புல்லட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒண்டிக்கடையில் போய் நிறுத்துவார்கள். பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் போய் "புக் யார் பேர்ல இருக்கு தம்பி?" என்று, அதாவது ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று யார் பேரில் என்று, கேட்டால் பல பேர் பேச்சை மாற்றுகிறார்கள். இல்லையென்றால் "29, 30-ல சைன் வாங்கி வச்சிருக்கேண்ணா, மாத்திக்கலாம்" என்று ஒரு பதில். 29, 30 என்பவை பேர் மாற்ற ஆர்.டி.ஓ.வில் கொடுக்கும் ஃபாரங்கள். நாங்களெல்லாம் இந்த வண்டிகளில் கை வைக்க ஆரம்பித்த காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்த அதே வசனம்.

ஆர்.சி. இல்லாமல் வாங்காதே, திருட்டு வண்டியா என்று பார் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே போய் விழுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

வண்டியை மினுக்கிவிட்டு அப்புறம் பேர் மாற்றப் போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அம்மாப்பேட்டைப் பையன் ஒருவன் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு புல்லட்டைப் பிடித்தான். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவரின் வண்டி. காபி மூட்டை போடும் கொட்டகையில் பல வருடம் சாய்ந்து கிடந்தது. பேரன் ஒருவன் அதைக் கீழே இறக்கி பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் விட்டிருக்கிறான், அங்கிருந்து இவன் கைக்கு வந்தது. புக் ஒரிஜினல், 29, 30 இரண்டிலும் கையெழுத்து. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சினைப் பிரித்து சிலிண்டருக்கு போர் அடித்தான், டேங்குக்கு குரோம், பிரேமுக்கு பவுடர் கோட்டிங், சக்கரத்துக்குப் புது ஸ்போக்ஸ், வாங்கின விலையைப்போல் இரண்டு மடங்கு உள்ளே போனது. எல்லாம் முடித்து வண்டி பளபளவென்று நின்ற பிறகுதான் என்னிடம் வந்தான். "வண்டி ரெடிங்ண்ணா, பேர் மட்டும்தான் மாத்தணும்."

அந்த "மட்டும்"தான் மொத்தக் கதையும். ரைட்டர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, ஃபாரத்தில் இருக்கிற கையெழுத்தின் தேதியோ போன மாதம். இறந்தவர் பேரில் இருக்கும் வண்டிக்கு 29, 30 செல்லவே செல்லாது, அதற்கு ஃபாரம் 31. இறப்புச் சான்றிதழ் வேண்டும், தாசில்தார் கொடுக்கும் வாரிசு சான்றிதழ் வேண்டும், யார் பேருக்கு மாற்றச் சம்மதம் என்று வாரிசுகள் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டப்படி இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் வாரிசு தன் பேருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். கொட்டகையில் கிடக்கும் வண்டிக்கு யார் அதைச் செய்கிறார்கள்?

நாள் ஆக ஆக வாரிசுகளின் எண்ணிக்கை கூடும், குறையாது. ரைட்டருக்கு மூன்று மகன், ஒரு மகள். அதில் ஒரு மகன் காலமாகிவிட்டார், அவருக்குப் பதில் அவர் மனைவி, பிள்ளைகள். மகள் கோயம்புத்தூரில். வண்டியை விற்ற பேரனுக்கோ, உயிரோடிருக்கும் அவன் அப்பாவைத் தாண்டி எந்த உரிமையும் கிடையாது. சரி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கலாம் என்று கிளம்பினான், கிளம்பும்போது செய்த காரியம்தான் இருக்கிறதே, வண்டியிலேயே போனான். தாத்தா வண்டி புதுசுபோல் வாசலில் வந்து நிற்கிறது. துருப்பிடித்த இரும்பாக இருந்தபோது "எடுத்துட்டுப் போனா சரி" என்று சொல்லியிருக்கக்கூடிய குடும்பம் இப்போது யோசிக்க ஆரம்பித்தது. மூத்தவர் நிதானமாகச் சொன்னாராம்: "அப்பா ஞாபகமா நாங்களே வச்சுக்கிறோம் தம்பி. நீங்க கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்துடறோம்." கொடுத்த காசு என்றால் கன்சல்டிங்கில் கொடுத்த காசு. குரோமுக்கும் பெயிண்டுக்கும் யார் பொறுப்பு? கடைசியில் இன்னொரு புல்லட் வாங்குகிற அளவு பணத்தை அந்தக் குடும்பத்துக்கு எண்ணி வைத்துத்தான் கையெழுத்துகள் வந்தன. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொட்டகை வண்டியாகவே இருந்தபோது ஒரு கிலோ இனிப்போடு போயிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அதோடு போகவில்லை. வண்டியைக் காட்டப் போன இடத்தில் சேஸ் நம்பர் தெரியவில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் அது ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில்தான் பஞ்ச் அடித்திருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்ப்பார். எண் வெள்ளையாக எழுந்து வர வேண்டும். இவன் வண்டியில் தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது, நடுவில் ஒரு 3-ஓ 8-ஓ தெரியாத ஒரு வளைவு மட்டும். பழைய பெயிண்டை மணல் வீசி எடுக்கும் பிளாஸ்டிங்கில் பாதி தேய்ந்து, மிச்சக் குழியைப் பவுடர் கோட்டிங் நிரப்பிவிட்டது. பளபளக்கிற பிரேமை மறுபடி சுரண்ட வேண்டியதாயிற்று.

எண்ணைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசுக்கை எடுங்கள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. காய்ந்ததும் சாக்பீஸைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்து, உள்ளங்கையால் மேலே லேசாகத் துடைத்தால் குழியில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்து அடிக்க வேண்டும். படித்ததும் பென்சில் பிரிண்ட் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும். பெயிண்ட் கடைக்கு பிரேம் போகும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டி, "இங்கே கை வைக்காதே" என்று வாயாலும் சொல்லிவிட்டு வரவேண்டும்.

எஞ்சின் பக்கமும் இதே கதைதான். எஞ்சினின் அடிக்கூடான பழைய கிராங்க் கேஸ் விரிசல் விட்டிருக்கும், மெக்கானிக் எங்கிருந்தோ நல்ல கேஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார், வண்டி ஜோராக ஓடும். ஆனால் எண் கேஸில் அல்லவா இருக்கிறது? புக்கில் ஒன்று, வண்டியில் இன்னொன்று. எஞ்சின் மாற்றினால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பில் வேண்டும். உடனே ஒருவர் "பழைய நம்பரையே பஞ்ச் அடிச்சுத் தர்றேன்" என்று வருவார். எழுத்து வடிவம், இடைவெளி, ஆழம் எல்லாமே காட்டிக்கொடுக்கும். எண் சரியாகவே இருந்தாலும் அடித்தது நீங்கள் என்றால் அது திருட்டு வண்டிக்காரன் செய்கிற வேலை, போலீஸும் அப்படித்தான் பார்க்கும்.

யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-லேயே மூடிவிட்டது. யெஸ்டியின் எண்ணில் சந்தேகம் வந்தால் இதுதான் சரியான எண் என்று கடிதம் தர அங்கே ஆள் கிடையாது, உங்கள் கையில் இருக்கிற பிரிண்ட்தான் சாட்சி.

ஆகவே அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள், பேர் மாறட்டும், மீதியை அப்போது கொடுங்கள். அதுவரை வண்டிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் டேங்கைக் காலி செய்வது, பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விடுவது, வாரம் ஒருமுறை கிக்கரை மெதுவாக மிதிப்பது. எவ்வளவு ஆசை வந்தாலும் குரோம் கடைப் பக்கம் போகாதீர்கள்.

"29, 30-ல் கையெழுத்து இருக்கே"

ஓனர் உயிரோடு இருந்தாலும் தேதி போடாத கையெழுத்தை நம்பி உட்காராதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. வேறு வரும், மூன்று கை மாறிய வண்டியின் முதல் ஓனர் உங்களுக்கு எதற்கு ஓ.டி.பி. சொல்லப்போகிறார்?

அவரைத் தேடிப் பிடித்துவிட்டால் மடக்க ஒரு வழி இருக்கிறது. நான்கு கை மாறியும் புக் முதல் ஆள் பேரிலேயே கிடந்த ஒரு வண்டி விபத்தில் சிக்கியபோது, பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "எப்பவோ வித்துட்டேன், என்னை விடு" என்கிறவரிடம் இதை மட்டும் பொறுமையாகச் சொல்லுங்கள், அவரே வண்டி ஏறி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வருவார்.

எஸ்டேட் கம்பெனி பேரில் இருக்கும் வண்டி

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இது சகஜம். புக்கில் ஆள் பேர் இருக்காது, எஸ்டேட் பேர்தான் இருக்கும். தோட்டம் கை மாறியிருக்கும், பங்குதாரர்கள் பிரிந்திருப்பார்கள். யாரோ ஒருவர் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பார், அந்த ஸ்டாம்ப்பே போன வாரம் செய்ததாக இருக்கும். கையெழுத்துப் போடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதற்கு நிறுவனத்தின் கடிதமோ தீர்மானமோ கேளுங்கள். நிறுவனமே இப்போது இல்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள். மலையில் வேறு வண்டி இல்லாமலா போகும்?

புக்கில் ஹெச்.பி. இருப்பதைக் கவனிக்காதது

ஹெச்.பி. என்றால் வண்டி கடனில் வாங்கியது என்று புக்கில் இருக்கும் குறிப்பு. கடனை அடைத்து முப்பது வருடம் ஆகியிருக்கும், புக்கில் பேங்க் பேர் அப்படியே நிற்கும். ஃபாரம் 35-ம் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் அது போகாது. பேங்கையே காணோமே என்று பயப்பட வேண்டாம், அது எதில் சேர்ந்தது என்று பாருங்கள். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-ல் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பேங்க் ஆஃப் தமிழ்நாடு அதே வருடம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில். பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ, லட்சுமி விலாஸ் 2020-ல் டிபிஎஸ். கிளையில் இருக்கும் இளைஞருக்கு நீங்கள் சொல்லும் பேங்க் பேரே புதிதாக இருக்கும். புக் நகலோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தனியார் ஃபைனான்ஸ் என்றால் கஷ்டம்தான், அந்த அளவுக்கு விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ரெக்கார்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

சேலம் என்றாலே ஒரே ஆபீஸ் இல்லை. டி.என். 30 மேற்கு, 54 கிழக்கு, 90 தெற்கு. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண் என்றால் இன்னும் தேட வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்திலிருந்து 1965-ல் தர்மபுரியும் 1997-ல் நாமக்கல்லும் பிரிந்து போயின. எண்ணைப் போட்டுப் பார்த்து அரசின் பரிவாகன் இணையதளத்தில் விவரம் வரவில்லை என்றால் வண்டி போலி என்று அர்த்தமில்லை, பழைய பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். அதை ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டின் அந்தப் பக்கம் கிழிந்தோ கரையான் அரித்தோ இருந்தால் நீங்கள் மாட்டினீர்கள். பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கர்நாடகா வண்டி

அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று இல்லாமல் ஓசூரைத் தாண்டாதீர்கள். எந்த ஆர்.டி.ஓ. பேருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதோ அங்கேதான் செல்லும்.

விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுவது

விண்டேஜ் வண்டிப் பதிவுக்காக 2021 ஜூலையில் வந்த விதியைப் பாதி படித்துவிட்டு, பேப்பர் இல்லாத வண்டிக்கு இது குறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யைத்தான் முதலில் கேட்பார்கள், அப்புறம் என்ன குறுக்கு வழி? புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் ஏற்காட்டில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

புக் காலாவதி

புக் செல்லுவது 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், ஃபாரம் 25. கட்டணம் 2022-ல் 300-லிருந்து 1,000 ஆனது. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025-ல் 2,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினலைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது

எல்லாப் புரோக்கரும் மோசமில்லை, ஆனால் எல்லார் மேஜையும் குப்பைதான். பழைய புத்தக ஆர்.சி. என்றால் அட்டை உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுங்கள், வெற்றுப் பக்கம் என்று விடாதீர்கள், ஓரத்தில் மங்கலான முத்திரை இருக்கும். விண்ணப்ப எண்ணை அன்றைக்கே வாங்கி உங்கள் போனில் நீங்களே நிலவரம் பாருங்கள். "ஃபைல் உள்ளே இருக்குங்க சார்" என்று இரண்டாவது தடவை சொன்னால் நேரில் போய் உட்கார்ந்துவிடுங்கள், காலை பத்தரைக்கு முன்னால்.