சம்மர் கேம்ப்போட பழைய போட்டோ, பேப்பர் கட்டிங் எல்லாம் சேர்த்து வைக்கறது எப்படி

பாண்டில வருஷா வருஷம் மே மாசம் நடக்கற கேம்ப்னா அதுக்கு ஒரு வரலாறு இருக்கும், ஆனா அது யார் வீட்டு பீரோலயோ மஞ்சளாகிட்டு கிடக்கும். மொதல்ல பழைய மாஸ்டர்ங்க, அக்கா அண்ணனுங்க கிட்ட போய் கேளுங்க, போன்ல கேட்டா "தேடிப் பாக்கறேன்"னு சொல்லி அப்படியே விட்டுடுவாங்க.

போட்டோவை 600 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி, ஸ்கேனர் செட்டிங்ல இருக்கும்) ஸ்கேன் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல வாங்கினா டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, சும்மா அனுப்பினா தரம் போயிடும். ஆல்பத்துல ஒட்டிக்கிட்ட படத்தை பிய்க்காதீங்க, பல் இடுக்குல விடற நூலை அடியில விட்டு மெதுவா அறுத்து எடுங்க. பின்னாடி பேர் எழுத பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் விழும்.

வருஷம் தெரியலையா? சர்டிபிகேட்ல இங்கிலீஷ்ல பாண்டிச்சேரின்னு இருந்தா 2006க்கு முன்னாடியா இருக்கலாம், பேர் மாறினது அந்த வருஷம்தான் (ஆனா பழைய லெட்டர்பேடை தீர்ற வரைக்கும் ஓட்டுறவங்க நம்மாளுங்க, அதனால அதை மட்டும் நம்பாதீங்க). மைதானத்துல பெரிய பெரிய மரமா இருந்து அடுத்த படத்துல மொட்டையா இருந்தா 'தானே'ங்கற பேர்ல வந்த புயலை யோசிங்க, அது பாண்டி, கடலூர் பக்கம் அடிச்சது 2011 டிசம்பர் 30. கடலூர் பக்கத்து படத்துக்கும் இதே கணக்குதான்.

பேப்பர் கட்டிங்னா தேதியும் பத்திரிகை பேரும் சேர்த்தே எடுங்க. இப்போ படிக்கற பசங்க போட்டோவை பொதுவுல போடறதுக்கு முன்னாடி வீட்ல கேட்டுடுங்க.