கரண்ட் போவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

நம் வீடு மின்வெட்டைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரு விடுமுறை நாளில், பொழுது சாய்ந்த பிறகு, மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை இப்படிச் செய்தபோது, டார்ச் எங்கே என்ற கேள்விக்கு ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். தேடி எடுத்த டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. மேல்தொட்டியில் தண்ணீர் கால்வாசிதான். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. மின்வெட்டில் நாம் படும் பாட்டில் பெரும்பங்கு, வெளிச்சம் இருந்தபோது செய்யாமல் விட்டவற்றால் வருவது.

அதில் முதலிடம் ‘இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை’ என்ற நினைப்புக்கு. இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் போட்டிருக்கும் விஏ எண், ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு போடலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு நேரம் ஓடும் என்பது பேட்டரியின் கையில். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கிப் பார்க்க 1800 வாட்-மணி வரும் (ஒரு வாட் லோடு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). ஆனால் அதை அடிவரை வற்றவிட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும். மின்சாரத்தை மாற்றித் தரும்போது இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். அதனால் 1000 வாட்-மணி என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பழைய மாதிரி மின்விசிறிகள் தலா 75 வாட், நான்கு எல்இடி விளக்குகள் தலா 9 வாட், ரூட்டர் 10 வாட். கூட்டினால் சுமார் 200 வாட், அதாவது ஐந்து மணி நேரம். அந்த இரு விசிறிகளுக்குப் பதிலாக குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறிகளை மாட்டினால் மொத்தம் 106 வாட்தான். அதே பேட்டரி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். இன்னொரு பேட்டரி வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் விசிறியை மாற்றிப் பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

வாங்கிய பேட்டரியைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. தண்ணீர் ஊற்றும் வகை லெட்-ஆசிட் பேட்டரியில் மட்டம் இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள் உள்ளே இருக்கும் தகடுகளைக் கெடுத்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தாலும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பேட்டரி பழைய திறனுக்குத் திரும்பாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் விளக்கோ நெருப்போ கூடாது.

ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், ஏனென்றால் இங்கே தவறு உயிரை எடுக்கும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று கார் ஷெட்டிலோ பால்கனியிலோ ஓட்டாதீர்கள். வீட்டின் கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகை வீட்டுப் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினாலும் இதே ஆபத்துதான்.

ஜெனரேட்டர் வயரைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனுக்குப் போகும். கரண்ட் இல்லை என்று நம்பி அந்தக் கம்பியில் கை வைக்கும் லைன்மேனை நினைத்துப் பாருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்வதுதான் சரி.

அப்புறம், பிரிட்ஜ். ‘கெட்டுப்போயிருக்குமோ’ என்று அடிக்கடி திறந்து பார்ப்பதே அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். கதவைத் திறக்காவிட்டால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதனால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்துவிடுங்கள். பால், இறைச்சி, சமைத்த உணவு போன்றவை 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிடுவதே நல்லது. ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய்க் கிருமி வாசனையிலோ ருசியிலோ தெரியாது. வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் ஆக்ஸிஜன் கருவியை நம்பி யாராவது இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைக் கவனியுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு மாற்று சிலிண்டர் வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். இன்சுலினைக் காப்பாற்றுகிறேன் என்று நேராக ஐஸ் மேல் வைப்பதும் தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் வையுங்கள்.

மெழுகுவர்த்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எல்இடி விளக்கு இருக்கும்போது தீயோடு தூங்கப் போக வேண்டாம். பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தாலும் போனுக்கு வந்து சேருவது ஏறக்குறைய 6,000 முதல் 6,500 வரைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.

கடைசியாக, கரண்ட் திரும்பி வரும் நேரம். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றைக் கரண்ட் போன உடனே அணைத்துவிட வேண்டும். மறந்துவிட்டு வெளியே போனால், நாம் இல்லாத வீட்டில் அவை தானே சூடேறத் தொடங்கும். பிரிட்ஜ், ஏசி இரண்டின் பிளக்கையும் கழற்றி வையுங்கள். வந்த வேகத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும்; கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமனாகவும் சில நிமிடங்கள் பிடிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். இன்வெர்ட்டரில் சேராத விளக்கு ஒன்றை மட்டும் போட்ட நிலையிலேயே விட்டுவையுங்கள். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.