குடியையும் தூக்க மாத்திரையையும் நிறுத்தும்போது செய்யக் கூடாதவை

"இனி ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்" என்று ஒருவர் சொன்னதும் வீடே நிம்மதியாகிவிடுகிறது. அறையில் படுக்க வைத்து, நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் விஷயத்தில் இதைவிட ஆபத்தான தவறு இல்லை.

மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை தன்னை எப்போதும் முடுக்கிவிட்டே வைத்திருக்கப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றாலும் முடுக்கம் நிற்பதில்லை. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு முதல் நாளிலேயே தொடங்கிவிடும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பும் வரலாம்.

"ரெண்டு நாள் தாண்டிட்டாரு, இனி பயமில்லை" என்று அசந்துவிடாதீர்கள். டெலிரியம் என்ற கடும் மனக்குழப்பம் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் வருகிறது. போர்வையில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பார். உடம்பு கொதிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். உயிர் போகக்கூடிய நிலை அது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைப்பது. கால் எலும்பு முறிந்து சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு ஊசிக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பார். அப்போதுதான் வீட்டார் தயங்கித் தயங்கி, தினமும் குடிப்பார் என்று சொல்வார்கள். வெட்கம் புரிகிறது. ஆனால் சேர்க்கும்போதே சொல்லியிருந்தால் அன்றே மருந்து தொடங்கியிருக்கலாம். சோற்றை விட்டுக் குடித்தவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகலாம்.

அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டவர்களும் சட்டென்று நிறுத்தக் கூடாது. இங்கேயும் வலிப்பு வரலாம். டயசிபாம் உடம்பில் வெகுநாள் தங்குவதால் தொல்லை ஒரு வாரம் கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். மருத்துவர் சொல்கிறபடி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே வழி. குடித்திருப்பவருக்குத் தூக்கம் வரட்டும் என்று இந்த மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

அளவு மீறிக் குடித்து விழுந்தவரை, தூங்கினால் தெளிந்துவிடும் என்று தனியே விடாதீர்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் மது இன்னும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். காபியோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அதைக் குறைக்காது. வாந்தி எடுக்க வைத்தால் புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8-க்குக் குறைந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், போதை என்று நினைத்தது சில நேரம் மூளையில் இரத்தக்கசிவாக இருக்கும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்று சொல்லுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.