ரவிக்கையிலிருந்து தொடங்கினால் பீரோ குறையும்

பீரோ பிதுங்கி வழிந்தது. காலையில் அலுவலகத்துக்குக் கட்டிப்போக மட்டும் ஒரு புடவை அமையாது. நாள்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன்.

நிறவாரியாக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். எதை உடுத்துவதே இல்லை என்று கண்டுபிடிக்க, ஹேங்கர்களைத் திருப்பி மாட்டி, உடுத்தியதை மட்டும் நேராக்கும் உத்தியும் மடித்து வைக்கும் பருத்திப் புடவைகளிடம் எடுபடவில்லை.

பிறகு ரவிக்கைகளை மட்டும் வெளியே போட்டு, ஒவ்வொன்றாக அணிந்து பார்த்தேன். கட்டாமல் கிடந்த புடவைகளில் பாதிக்கு ரவிக்கைதான் இறுக்கம்! உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல தையல்காரர் துணி விட்டு, இணையாக இரண்டு மூன்று வரி ஓட்டியிருப்பார். உடலை ஒட்டிய வரியை மட்டும் பிரித்தால் போதும். அடுத்த வரி தாங்கிக்கொள்ளும், மறுபடி தைக்க வேண்டாம். பருத்தியில் ஊசித்தடம் துவைத்தால் பெரும்பாலும் மறையும். பட்டில் தங்கிவிடும், அதில் கை வைக்கவில்லை.

அடுத்து டூ பை டூ என்னும் ரவிக்கைத் துணியில் கறுப்பு, அரக்கு, சந்தன நிற ரவிக்கைகள் தைத்தேன். இவற்றோடும் சேராத புடவைகள் அக்கா வீட்டுக்குப் போயின. காலியான தட்டில் கணவர் சட்டைகளை அடுக்கத் தொடங்கியிருக்கிறார். அது தனி வழக்கு.