ஆரக்கிள் ராக்: மென்பொருள் ஒவ்வொரு சர்வரிலும் தனியாக இருக்கட்டும்

ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்கள் சேர்ந்து இயக்கும் ஆரக்கிள் ராக் (RAC) கிளஸ்டரில், தரவுக் கோப்புகள் எல்லா சர்வர்களும் பகிரும் பொதுச் சேமிப்பகத்தில் இருந்தே ஆக வேண்டும். இடம் மிச்சமாகிறதே என்று ஆரக்கிள் ஹோமையும் (மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும் கோப்பகம்) அங்கே வைத்துவிடாதீர்கள். அதில் ஒரு கோப்பு தவறுதலாக அழிந்தாலும் எல்லா சர்வர்களும் சேர்ந்தே பாதிக்கப்படும். பிறகு கிளஸ்டர் எதற்கு?

ஒவ்வொரு சர்வரின் உள்வட்டிலும் தனிப் பிரதி இருந்தால், ரோலிங் முறைக்கு, அதாவது ஒவ்வொரு சர்வராகப் போடும் முறைக்கு, ஏற்ற பேட்ச்களை (மென்பொருள் திருத்தங்களை) ஒரு சர்வரை மட்டும் நிறுத்திப் போடலாம்; மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

ஒரு சர்வர் மட்டும் விடுபட்டுப் போவதுதான் இதில் உள்ள ஆபத்து. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றிலும் போட்ட பேட்ச்களைப் பட்டியலிடும் 'ஓபேட்ச் எல்எஸ்பேட்சஸ்' (opatch lspatches) கட்டளையை இயக்கி, பட்டியல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பேட்ச்களின் காப்புப் பிரதிகளும் அதே ஹோமில் சேரும் என்பதால், வட்டில் தாராளமாக இடம் விடுங்கள்.