வறண்ட ஊர் வெயிலை வருஷம் முழுக்க சமாளிக்கிறது எப்படி

கடலை விட்டு ரொம்ப தள்ளி உள்நாட்டுல இருக்கிற வறண்ட ஊருக்கு குடி போறீங்கன்னா, உச்சி வெயில் எத்தனை டிகிரின்னு மட்டும் பாத்து பயந்துடாதீங்க, ராத்திரி எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க, அதுதான் உங்களை காப்பாத்தப்போவுது. காத்துல ஈரமும் இல்ல, வானத்துல மேகமும் இல்ல, அதனால பகல்ல ஏறுன சூடு ராத்திரி நிக்காம போயிடும், ஒரே நாள்ல 15 டிகிரி வித்தியாசம் அங்கல்லாம் சாதாரணம். கோடைக்கும் குளிருக்கும் நடுவுலயும் அப்படித்தான்: ஆஸ்திரேலியா நடுவுல இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல (அங்க ஜனவரிதான் கோடை, ஜூலை குளிர்) ஜனவரி பகல் சராசரியா 36, அதே ஊர்ல ஜூலை ராத்திரி 4 டிகிரி. கம்பளியும் எடுத்துட்டுதான் போகணும்.

கோடையில முக்கியமான வேலை ஜன்னல்தான். சூரியன் வர்றதுக்கு சத்த முன்னாடிதான் இருக்கிறதுலயே குளிர்ச்சியான நேரம், அப்ப எல்லாத்தையும் திறந்து வச்சிட்டு வெளிய சூடு ஏற ஆரம்பிச்சதும் சாத்தி திரை போட்டுடுங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்துடுச்சேன்னு உடனே திறக்காதீங்க. உள்ள ஒரு தெர்மாமீட்டர், வெளிய நிழல்ல ஒண்ணு வச்சு, வெளிய இருக்கிறது உள்ள விட குறைஞ்சதும் திறங்க. மேற்கு சுவத்துல உள்பக்கமா கைய வச்சு பாருங்க, ராத்திரி ஒம்போது மணிக்கும் அடுப்பு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும், அதனால கட்டிலை அந்த சுவத்துல இருந்து நகத்தி போடுங்க.

ஏர் கூலர் வறண்ட ஊருக்குன்னே பொறந்தது. 40 டிகிரி வெயில்ல ஈரப்பதம் 15 சதவீதம்தான் இருந்தா, தண்ணி ஆவியாகியே காத்தை 21 டிகிரி வரைக்கும் இறக்க முடியும்னு கணக்கு, நம்ம வீட்டு கூலர்ல 25 கிட்ட வந்தாலே சந்தோஷம். ஆனா அதே 40ல ஈரப்பதம் 50 ஆயிட்டா 31க்கு கீழ இறங்கவே இறங்காது, அதனால மழை மாசம் வந்தா பம்ப்பை நிறுத்திட்டு வெறும் ஃபேனா ஓட்டுங்க. நான் முதல் வருஷம் ஏசி மாதிரி நினைச்சு கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு கூலரை போட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்ஷீட்டெல்லாம் பிசுபிசுன்னு ஆகி புழுங்கி எழுந்துட்டேன். எதிர் பக்க ஜன்னல் ஒண்ணு கண்டிப்பா திறந்து இருக்கணும், ஈரக்காத்து வெளிய போனாதான் குளிரும்.

இன்னொண்ணு, அறைக்குள்ளயே 40 டிகிரி தாண்டிடுச்சுன்னா வெறும் ஃபேன் காத்து உடம்பை குளிர்விக்காது, சூடுதான் ஏத்தும், உலக சுகாதார நிறுவனமும் இதையேதான் சொல்லுது. அப்ப உடம்புல ஈரத்துணி போடுங்க, முக்கியமா வயசானவங்களுக்கும் குழந்தைங்களுக்கும். வேர்வை வரலையேன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, வர வர காஞ்சிடுது அவ்வளவுதான், சட்டை முதுகுல வெள்ளையா உப்பு பூத்திருக்கும் பாருங்க. ஒண்ணுக்கு அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.

குளிர் மாசத்துல தலைகீழ், பகல்ல வெயிலை உள்ள விட்டு சூரியன் இறங்குறதுக்கு முன்னாடியே ஜன்னலை சாத்திடணும். உதடு வெடிக்கும், மூக்கு காயும், படுக்கிற ரூம்ல ஈரத்துண்டு ஒண்ணு காயப்போட்டா கொஞ்சம் தேவலாம். குளிர் முடியுறதுக்குள்ளயே கூலர்ல தண்ணி ஊறுற பேடை கழட்டி பாத்துடுங்க, உப்பு படிஞ்சு கல்லு மாதிரி இறுகி இருந்தா மாத்திடுங்க, ஏன்னா இந்த மாதிரி ஊர்ல வெயில் சொல்லிட்டு வராது, ரெண்டே வாரத்துல ஏறிடும்.