லாங்ஆர்ம் மெஷின் சீராக நகரவில்லையா?

குவில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) தைக்கும்போது லாங்ஆர்ம் மெஷின், அதாவது ஃபிரேமில் மாட்டிய துணிமேல் சக்கரங்களில் நகர்ந்து தைக்கும் பெரிய தையல் மெஷின், திக்கித் திக்கி நகர்ந்தால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். மின்சாரத்தை அணைத்து, துணியைக் கழற்றிவிட்டு, மெஷினை வெறுமனே தள்ளிப் பாருங்கள். இப்போது சரளமாக ஓடினால் கோளாறு துணியை மாட்டிய விதத்தில்தான். அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள், அல்லது துணி சுற்றிய உருளை தாழ்ந்து குவில்ட் மெஷின்மேல் அழுத்தியிருக்கும்.

துணி இல்லாமலும் சிக்குகிறதா? எந்தத் திசையில் என்று பாருங்கள். இடவலமாக என்றால் கேரேஜின் (மெஷினைத் தாங்கி ஓடும் அடித்தட்டின்) சக்கரங்கள்; முன்னும் பின்னும் என்றால் மெஷினின் சக்கரங்கள். பெரும்பாலும் அச்சில் ஒரு நூல் துண்டு சுற்றியிருக்கும். (டார்ச் அடித்தால்தான் கண்ணில் படும்!) அதை இடுக்கியால் எடுத்துவிட்டு, சக்கரம் ஓடும் தடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். தடத்துக்கு எண்ணெய் மட்டும் போடாதீர்கள். பஞ்சுத்தூசி எல்லாம் அதில் அப்பிக்கொள்ளும்.

கையை விட்டதும் மெஷின் தானாக ஒரு பக்கம் உருண்டால் ஃபிரேம் மட்டமாக இல்லை. ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்யுங்கள். அப்புறம், பின்னால் தொங்கும் ஒயர் எங்காவது மாட்டி இழுக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.